சத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள்

எங்கள் மாடி வீட்டுப் பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாயங்காலம் ஆறு மணியானால் அவன் அறையிலிருந்து ஓர் ஓசை கிளம்பும், மாவு மில்லில் மோட்டார் போட்டதும் வருமே, அந்த மாதிரி. பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் படியேறிப் போனேன். "என்னப்பா வாசிக்கிறே?" என்றேன். "த்ராஷ் மெட்டல், அங்கிள்" என்றான். திட்டத்தான் போயிருந்தேன். அதற்குள் கிட்டாரைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டான்.

"தடிச்ச தந்திய அடிங்க." அடித்தேன். ஸ்பீக்கர் 'ஙோ...ய்ங்' என்று இழுக்க ஆரம்பித்தது, நிற்கிற வழியாக இல்லை. பிறகு என் வலது கையைப் பிடித்து, தந்திகள் வந்து உட்காரும் பிரிட்ஜின் மேல், வீணையில் குதிரை என்போமே அந்த இடத்தில், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தைப் பட்டும் படாமலும் வைத்தான். "இப்ப அடிங்க." 'ஜுக்.' அவ்வளவுதான். மணல் மூட்டையில் குத்துவிட்ட மாதிரி ஓர் ஓசை எழுந்து, எழுந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

"இதான் அங்கிள் மொத்த த்ராஷும்" என்றான். அந்த வயதில் எல்லாமே கொஞ்சம் கூட்டித்தான் வரும். ஆனால் அவன் சொன்னதில் முக்கால்வாசி சரி என்று பின்னால் கேட்கக் கேட்கத் தெரிந்தது.

த்ராஷ் என்றால் போட்டு அடிப்பது. வேகத்துக்கும் இரைச்சலுக்கும் பேர்போன இசை என்பதால் வேகம்தான் அதன் உயிர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது ஒரு த்ராஷ் குழு தேறுமா தேறாதா என்று பார்க்க, எவ்வளவு வேகமாக அடிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அடித்ததை எவ்வளவு சுத்தமாக நிறுத்துகிறார்கள் என்று கேட்கிறேன். அந்த உள்ளங்கை வித்தைக்குப் பெயர் 'பாம் மியூட்'. அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று விளங்க, கிட்டார் ஓசை ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

தந்தியின் அதிர்வு மின் அலையாகி ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. அளவாகக் கொடுத்தால் அலை அப்படியே பெரிதாகி வெளியே வரும். தாங்கும் அளவுக்கு மேல் திணித்தால் அலையின் உச்சியும் அடியும் கத்தரித்தாற்போல் தட்டையாகிவிடும். இதுதான் டிஸ்டார்ஷன். தட்டையான அலையில் மூல சுருதியோடு அதன் மடங்குகளான உபசுருதிகளும் ஏராளமாகச் சேர்ந்துகொள்வதால்தான் ஓசை அத்தனை கரகரப்பாகவும் தடிமனாகவும் இருக்கிறது. பக்கவிளைவு ஒன்று உண்டு. உச்சியை வெட்டிவிட்டதால் பலமாக அடித்ததும் மெல்ல அடித்ததும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். அடங்கிக்கொண்டிருக்கிற தந்தியும் முழுத் தொண்டையில் கத்தும். சாதாரண கிட்டாரில் மௌனம் தானாக வரும். இதில் கையால் செய்தால்தான் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு சுரங்களைச் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் அவை ஒன்றோடொன்று கலந்து, யாரும் வாசிக்காத புதுச் சுருதிகளைப் பிறப்பிக்கும். மூன்று நான்கு சுரம் சேர்ந்த கார்டை அனுப்பினால் சேறுதான் மிஞ்சும். அதனால் இவர்கள் பெரும்பாலும் ச-ப இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'பவர் கார்ட்' என்பது அதைத்தான். கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு 82 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமம் 123 முறை. இரண்டுக்கும் வித்தியாசம் 41. டிஸ்டார்ஷன் அந்த 41 அதிர்வுச் சுருதியையும் தானே உண்டாக்கித் தருகிறது. பாஸ் கிட்டாரின் மிகக் கனத்த தந்தியின் சுருதியும் அதுவே! இரண்டு விரலில் வாசிக்கிறவன் மூன்றாவது ஆளை இலவசமாக அழைத்து வருகிறான்.

இந்தக் கனத்த ஓசையின் ஊற்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். அங்கே தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி, இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே போயிற்று. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னாளில் அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று தந்திகளைத் தளர்த்தினார். 1970இல் வந்த அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தில் ஹெவி மெட்டல் கிட்டத்தட்ட முழு உருவத்தில் இருக்கிறது. அதன் கனத்தையும் மோட்டர்ஹெட் குழுவின் முரட்டு ஓட்டத்தையும் டிஸ்சார்ஜ் போன்ற பங்க் குழுக்களின் ஆத்திரத்தையும் ஒன்றாகக் கேட்டு வளர்ந்த கலிஃபோர்னியப் பையன்கள்தான் த்ராஷைச் செய்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிக் 1981இல் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்றில் 'டிரம்மர், கூட வாசிக்க ஆள் தேடுகிறேன்' என்ற ரீதியில் விளம்பரம் கொடுத்தார். தேடி வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். மெட்டாலிகா பிறந்தது. அவர்களின் முதல் ஆல்பம் 1983இல் வந்தது. ஸ்லேயர் என்ற இன்னொரு குழுவின் முதல் ஆல்பமும் அதே ஆண்டுதான். அதற்கான செலவில் ஒரு பங்கு பாடகர் டாம் அராயாவின் சேமிப்பு. அவர் அப்போது மருத்துவமனையில் மூச்சுத் திணறும் நோயாளிகளுக்குச் சுவாச சிகிச்சை கொடுக்கும் வேலையில் இருந்தார்.

ஹெட்ஃபீல்டின் வலது கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிட்டாரில் வேகமாக வாசிப்பவர்கள் பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் வில்லையை, மேலும் கீழுமாக ஓட்டுவார்கள். பாதி உழைப்பு மிச்சம். ஹெட்ஃபீல்ட் முடிந்தவரை கீழ்நோக்கி மட்டுமே அடிப்பார். பங்க் உலகில் ஜானி ரமோன் ஏற்கெனவே கைக்கொண்ட முறைதான். கீழே அடிக்கும்போது மணிக்கட்டின் எடையும் சேர்ந்து விழுகிறது. ஒவ்வோர் அடியும் ஒரே கோணத்தில், ஒரே கனத்தில் இறங்கும். மேல்நோக்கிய அடி அத்தனை கெட்டியாக விழாது. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' பாட்டு நிமிடத்துக்கு 210 தட்டுக்கும் மேல் ஓடுகிறது, தட்டுக்கு இரண்டு அடி. விநாடிக்கு ஏழு முறை கையை இறக்கி, ஏழு முறை சத்தமில்லாமல் தூக்க வேண்டும், எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டில். மாடிப் பையன் இரண்டாவது நிமிடத்தில் கையை உதறுவான். அம்மியில் மிளகாய் அரைத்துப் பழகிய அந்தக்கால முழங்கை வேண்டும் இதற்கு.

இப்படி அடித்து எழுப்புகிற வாக்கியத்துக்குப் பெயர் 'ரிஃப்'. பல்லவி மாதிரி, திரும்பத் திரும்ப வரும். தடித்த தந்தி 'ஜுக்ஜுக்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கையைத் தூக்கி ஒரு கார்டை முழுக் குரலில் விட்டு, உடனே மறுபடி பொத்துவார்கள். பொத்தியதும் விட்டதும் மாறி மாறி வருகிற கணக்குதான் ரிஃபின் முகம். மெட்டு என்று தனியாகத் தேடினால் கிடைக்காது.

சுரங்கள் விஷயத்தில் நம் காதுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. திறந்த தந்தியை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால், த்ராஷ்காரர்கள் விழுந்து விழுந்து தொடுவது ரிஷபத்தில் தாழ்ந்ததை, சுத்த ரிஷபத்தை. தோடியில் கேட்கிறோமே, அதே ரிஷபம். தோடி அதைக் கமகத்தில் குழைத்துக் கரைத்துத் தரும். இங்கே குழைவு கிடையாது, நேரடியாக மண்டையில் அடி. அடுத்து, பிரதி மத்யமம். கல்யாணியில் அதுவே சந்தனம் போல மணக்கிறது. அதற்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் சுரங்கள் செய்கிற உபகாரம் அது. பக்கத்துணை எதுவும் இல்லாமல் ஷட்ஜமத்தை ஒட்டிப் பிரதி மத்யமத்தை மட்டும் வைத்துப் பாருங்கள், ஏதோ நடக்கப் போகிறது என்று வயிற்றைப் பிசையும். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்து முதல் பாட்டே இந்த இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. த்ராஷ் அதைச் சொத்தாக எடுத்துக்கொண்டது.

1986 இந்த இசைக்கு மகசூல் ஆண்டு. மார்ச்சில் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', அக்டோபரில் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்'. மெகாடெத்தின் இரண்டாவது ஆல்பமும், ஜெர்மனியின் நிலக்கரி ஊரான எஸ்ஸனிலிருந்து கிரியேட்டரின் 'பிளெஷர் டு கில்'லும் அதே ஆண்டு. நியூயார்க்கின் ஆன்த்ராக்ஸ் தன் பங்கு ஆல்பத்தோடு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்துகொண்டது. 1986 செப்டம்பரில்தான் ஸ்வீடனில் மெட்டாலிகாவின் பேருந்து கவிழ்ந்து, பாஸ் வாசித்த கிளிஃப் பர்டன் இறந்தார். அவருக்கு 24 வயது.

எல்லாவற்றிலும் எதைத் தூக்கி வைப்பாய் என்றால், தயங்காமல் 'ரெய்ன் இன் பிளட்' என்பேன். பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடத்துக்கும் குறைவு. கேசட்டில் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டதால் மறுபக்கத்திலும் அதையே பதித்து விற்றார்கள். தயாரித்த ரிக் ரூபின் அதுவரை ராப் பாட்டுகளுக்குப் பேர்போனவர். அவர் செய்த பெரிய காரியம் எதிரொலியைத் துடைத்துப் போட்டது. அந்தக் காலத்து மெட்டல் ஆல்பங்கள் கல்யாண மண்டபத்துக்குள் வாசித்தாற்போல முழங்கும். அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள இடத்தை எதிரொலி வந்து நிரப்பிவிடும். கை பொத்திப் பொத்திச் செய்த மௌனமெல்லாம் வீண். ரூபின் அந்த ஈரத்தை உலர்த்தினார். ஒவ்வோர் அடியும் காதுக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது, ஓரம் தெரிகிறது.

முதல் பாட்டு 'ஏஞ்சல் ஆஃப் டெத்', ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள்மீது சோதனைகள் நடத்திய நாஜி மருத்துவன் மெங்கலேயைப் பற்றியது. அதனால் கொலம்பியா நிறுவனம் ஆல்பத்தை விநியோகிக்க மறுத்தது. வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கொடுமையை விலகி நின்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு, கண்டிக்கிற குரல் அதில் வெளிப்படையாக இல்லை. எனக்கு அதில் இன்றும் ஒரு நெருடல் உண்டு. இசையின் கட்டுமானம் வேறு கதை. வெறிகொண்டு ஓடுகிற பாட்டு நடுவில் திடீரென்று பாதி நடைக்கு இறங்கும். இரண்டாம் காலத்திலிருந்து ஒன்றாம் காலத்துக்கு வந்த மாதிரி. ஓடும்போது தெரியாத கனம் நடக்கும்போது தெரிகிறது. அந்த நடை ரிஃபை இரண்டே ஆண்டில் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு எடுத்துத் தங்கள் பாட்டில் பொருத்திக்கொண்டது. கடைசிப் பகுதியில் கிட்டார்கள் சட்டென்று நிற்க, டேவ் லொம்பார்டோவின் இரண்டு கால்கள் மட்டும் சில விநாடி ஓடும். டிரம் செட்டின் பெரிய முரசை ஒரு காலுக்கு ஒன்றாக இரண்டு மிதிகளால் அடிப்பது அது. ஹவானாவில் பிறந்தவர் லொம்பார்டோ. அவர் அடியில் ஓர் ஆட்டம் இருக்கும். கடிகாரத்தைவிட மயிரிழை முந்திக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு தவிப்பு. கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுத் திருத்திய இன்றைய பதிவுகள் பலவற்றில் எல்லாம் சரியாக இருக்கும், இந்தத் தவிப்பு மட்டும் இருக்காது.

எண்பதுகளின் கடைசியில் த்ராஷ் குழுக்கள் மழைக்கால ஈசல் போலப் பெருகின. பெரும்பாலானவை ஒரே வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடின. இறங்குமிடம் இல்லாத வேகம் பத்து நிமிடத்தில் மின்விசிறிச் சத்தமாகிவிடும், காது அதைக் கேட்பதை விட்டுவிடும். பாட்டுப் பொருளும் அணுகுண்டு, போதை, சுடுகாடு என்று தேய்ந்தது. 1991இல் மெட்டாலிகாவே நடையைக் குறைத்துக் கறுப்பு அட்டை ஆல்பத்தைப் போட்டது. கோடிக்கணக்கில் விற்றது. பழைய ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. என்னைக் கேட்டால் குற்றம் 1988இன் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில்தான் இருக்கிறது. பிரமாதமான ரிஃப்கள், ஆனால் பாஸ் கிட்டாரைத் தேடத்தான் வேண்டும், அவ்வளவு அமுக்கிவிட்டார்கள். எலும்பு எல்லாம் இருக்கிறது, சதை எங்கே என்று கேட்கத் தோன்றும்.

மாடிப் பையன் இப்போது மெட்ரோனோம் வைத்துப் பழகுகிறான். போன மாதம் நிமிடத்துக்கு 160 தட்டு, இந்த வாரம் 180. நேற்று சாயங்காலம் ஒரே ரிஃபை இருபது தடவையாவது வாசித்திருப்பான். ஒவ்வொரு தடவையும் கடைசி அடிக்குப் பிறகு 'ங்...' என்று ஒரு வால் மிச்சம் இருந்தது. அவனே சலித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். இருபத்தொன்றாவது தடவை கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. எதிர்வீட்டுக் குக்கர் இரண்டாவது விசிலுக்கு முனகுவது தெளிவாகக் கேட்டது. "அங்கிள், கேட்டுச்சா?" என்று மேலிருந்து கத்தினான்.