பழுது பார்த்தும் நகராத மண் தோண்டும் யந்திரம்

உத்திரமேரூரில் ஏரி வாரியம் ஏரியைப் பராமரித்து வந்ததை முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) தெரிவிக்கின்றன. அவ்வூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்நாளில் வரத்துக்கால்களைத் தூர் வாருவது ஜே.சி.பி. என வழங்கும் யந்திரமே. பழைய யந்திரமொன்று, கியர்ப்பெட்டியைப் பழுது பார்த்த பின்னும் நகராவிடில், அதை உடனே மறுபடி பிரிக்கச் சம்மதிக்கலாகாது; வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிய வேண்டிய வேலையும் பணமும் வீணாகும்.

முதலில் எண்ணெயைக் கவனிக்க. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் டார்க் கன்வெர்ட்டரும் எண்ணெய் ஆற்றும் குழாய்களும் நிரம்புவதால் மட்டம் இறங்கும். கைப்புத்தகத்தில் கண்டவாறு மறுபடி அளந்து, அதில் குறித்த எண்ணெயையே ஊற்றுக. நுரை காணின், உறிஞ்சும் வழியில் காற்றுப் புகுகிறதா எனப் பார்க்க.

முன்னும் பின்னும் செல்லாவிடில், குற்றம் இரண்டுக்கும் பொதுவான எண்ணெய், பம்பு, கன்வெர்ட்டர், கைப்பிரேக் ஸ்விட்ச், மின்கம்பி ஆகியவற்றில் இருக்கலாம். ஒரு திசை மட்டும் தவறினால் அதற்குரிய சாலினாய்டையும் கிளட்ச்சையும் சோதிக்க. குளிர்ந்தபோது ஓடிச் சூடேறியபின் நின்றால், தேய்ந்த பம்பையும் கசியும் சீல்களையும் ஐயுறுக.

கன்வெர்ட்டர் பம்பில் முழுதும் அமராதிருக்கையில் போல்ட்டுகளை முறுக்கினால் பம்பு உடையும். இஞ்சினும் பெட்டியும் போல்ட்டின் இழுப்பின்றியே முகம் சேரவேண்டும்.

சோதிக்கையில் வண்டி திடீரென நகரக்கூடுமாதலால் எவரும் முன்னும் பின்னும் நிற்கலாகாது. எண்ணெய் அழுத்தத்தை மானியால் அளந்து எழுதி வாங்கிய பின்னரே உடையவர் கூலி கொடுப்பதும், கிராம உத்தியோகஸ்தர் அவ்வண்டியை வேலைக்கு அமர்த்துவதும் உத்தமம்.