சித்தாந்த தீபிகை (1897–1914): ஒரு தத்துவ இதழின் வளர்ச்சியும் மாற்றமும்

முன்னுரை

சைவ சித்தாந்தத்தின் நுண்ணிய வாதங்கள் நெடுங்காலம் மடங்களைச் சார்ந்து, உரைகளின் வழியாகவே நிகழ்ந்தன. சிவஞான சித்தியாருக்குத் தருமபுர ஆதீனத்து வெள்ளியம்பலவாண முனிவர் எழுதிய ஞானாபரண விளக்கமும், சிவஞானபோதத்திற்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியமும் அவ்வகையின. (சம்பந்தர் பாடிய தலமாகிய காரைக்கால் தருமபுரம் வேறு, ஆதீனம் அமைந்த மயிலாடுதுறைத் தருமபுரம் வேறு. பெயரொப்புமையால் மயங்குதற்கு இடமுண்டு.) அவ்வாதங்கள் மாத இதழுக்குப் பெயர்ந்தபோது நேர்ந்த மாற்றங்களைச் சித்தாந்த தீபிகையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இதழின் தோற்றம்

சிவஞானபோதத்தை அமெரிக்க மதபோதகர் ஹொய்சிங்டன் 1854-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டிருந்தார். எனினும், மரபுள் நின்ற ஒருவரின் விளக்கத்துடன் அந்நூல் ஆங்கிலத்தில் வந்தது 1895-இல், ஜே.எம். நல்லசாமிப் பிள்ளையின் மொழிபெயர்ப்பாலேயே ஆகும். அவர் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். அதே ஆண்டில் சென்னையிலிருந்து ‘பிரம்மவாதின்’ இதழும், மறு ஆண்டில் பி.ஆர். ராஜமய்யரை ஆசிரியராகக் கொண்ட ‘பிரபுத்த பாரத’வும் தொடங்கின. இரண்டும் வேதாந்தத்தைப் பேசின. இந்தியத் தத்துவம் என்றாலே வேதாந்தம் என அயலார் கருதும் நிலை வலுப்பெறும் வேளையில், 21.06.1897 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழா நாளில், சித்தாந்த தீபிகை வெளிவந்தது. அதன் தமிழ்ப் பதிப்பை நாகப்பட்டினத்து வேதாசலம், பின்னாளைய மறைமலையடிகள், கவனித்தார்.

அத்துவிதம் என்னும் சொல்

மொழிபெயர்ப்பே இவ்விதழின் முதற்பணி. அதன் தத்துவப் பயனும் அங்குதான் விளைந்தது. சான்றாக ஒரு சொல்லைக் காணலாம். ‘அத்துவிதம்’ என்பதை ஒருமைவாதம் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்குவது அன்று பெருவழக்கு. அவ்வழக்கை ஏற்றால், முப்பொருளும் அநாதி எனக் கூறும் மெய்கண்டார் கொள்கை தனக்குத்தானே முரண்படும். இரண்டு என்பதை மறுப்பதனாலேயே ஒன்று என நாட்டியதாகாது. பிரிப்பை மறுப்பதே அச்சொல்லின் பணி என்று நல்லசாமிப் பிள்ளை வலியுறுத்தினார். இது புதுக்கருத்தன்று. அச்சொல்லில் உள்ள நகாரம் இன்மைப் பொருளதோ, மறுதலைப் பொருளதோ அன்று, அன்மைப் பொருளதே எனச் சிவஞான முனிவர் முன்னரே நிறுவியிருக்கிறார். ஆயினும் மாபாடியம் முழுமையாக அச்சேறாத காலம் அது. மடத்து மாணவர் வழிவழியாகக் கேட்டறிந்த ஓர் இலக்கண நுட்பம், முன்பின் அறியாத வாசகர் முன் வாதமாக வைக்கப்பட்டது. ஆங்கிலம் கொள்கையைச் சிதைத்தது என்று பொதுவாகக் கூறுவோர் இவ்விடத்தைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

பொருளெல்லையில் நேர்ந்த மாற்றம்

சமயம், தத்துவம், இலக்கியம், அறிவியல் முதலியவற்றுக்குரிய மாத இதழ் என்றே தீபிகை முதலில் தன்னை அறிவித்துக்கொண்டது. பிற்காலத்தில், வி.வி. ரமண சாஸ்திரியின் பொறுப்பில், ‘ஆகம ஆய்விதழ்’ என்னும் தொடர் அதன் பெயரோடு சேர்ந்தது. பரப்பு சுருங்கியது, ஆழம் கூடியது. இம்மாற்றத்திற்கான வித்து முன்பே ஊன்றப்பட்டிருந்தது. பிரம்ம சூத்திரத்திற்கு ஸ்ரீகண்டர் செய்த பாடியத்தின் ஆங்கில ஆக்கத்தை அ. மகாதேவ சாஸ்திரி தீபிகையில் தொடராக எழுதினார். சைவத்திற்கும் சூத்திர பாடியம் உண்டு என்பதை அயலார்க்கு அது காட்டியது. ஆயினும் மெய்கண்டாரின் தமிழ் நூலை நிலைநாட்ட வடமொழிச் சான்று தேவை என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது என்று கருத இடமுண்டு.

தமிழ்ப் பக்கத்தின் நிலை வேறு. வேதாசலம் 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பணியேற்றார். 1902-இல் ‘ஞானசாகரம்’ என்னும் தம் இதழைத் தொடங்கினார். சித்தாந்தம் பற்றிய ஆங்கில உரைநடையும் தமிழ் உரைநடையும் அதன்பின் வெவ்வேறு இதழ்களில் வளரலாயின. நாளடைவில் இவற்றின் வாசகரும் வேறாயினர்.

கட்டுரைகள் நூலானபோது

நல்லசாமிப் பிள்ளையின் கட்டுரைகள் 1911-இல், ரமண சாஸ்திரியின் முன்னுரையுடன், தொகுப்பு நூலாயின. சிவஞான சித்தியார் மொழிபெயர்ப்பு 1913-இல் நூல்வடிவம் பெற்றது. பதினான்காம் தொகுதியோடு, 1914-இல், இதழ் நின்றது. நூல்களை மட்டும் கற்போர்க்குக் கருத்துகள் கிடைக்கும். ஆயின் எந்தத் திங்களில், எவர் கட்டுரைக்கு அடுத்து, எந்த வினாவுக்கு விடையாக அவை எழுந்தன என்பதை அறிய இதழின் தொகுதிகளையே வரிசையாகப் புரட்ட வேண்டும்.