மார்புப் பட்டை யாரிடம் பேசும்?

விடியற்காலை ஐந்தரை மணி. இதயத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையை எச்சில் தொட்டு நனைத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு நண்பர் சைக்கிளில் ஏறினார். மணிக்கட்டில் இருந்த புது ஸ்மார்ட்வாட்ச் உடனே 78 என்றது. ஹேண்டில்பாரில் இருந்த சைக்கிள் கம்ப்யூட்டரிலோ, எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று பட்டையை அவிழ்த்தார், பேட்டரியைத் தட்டிப் போட்டார், மறுபடி கட்டினார். பட்டையில் ஒரு கோளாறும் இல்லை. வாட்ச் முந்திக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

ப்ளூடூத்தின் சுபாவம் அப்படி. இணைப்பு கிடைக்கும்வரை பட்டை மூன்று தனி அலைவரிசைகளில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒரு கருவி கைகொடுத்ததும் இரண்டும் தங்களுக்குள் ஒரு தாவல் வரிசையைப் பேசி வைத்துக்கொண்டு, மீதமுள்ள 37 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவியபடி பேசத் தொடங்கிவிடும். பழைய பட்டைகள் பல அத்தோடு அறிவிப்பை நிறுத்திவிடும். அந்த வரிசை தெரியாத மூன்றாவது கருவிக்குப் பட்டை இருப்பதே தெரியாது. லேண்ட்லைன் காலத்து ‘எங்கேஜ்டு’ சத்தமாவது வரும். இங்கே அதுவும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதே பட்டைக்குள் இன்னொரு பேச்சுப் பழக்கமும் குடியிருக்கிறது. அதன் பெயர் ஏஎன்டி பிளஸ். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கோக்ரேன் என்ற ஊரில் இருந்த டைனஸ்ட்ரீம் நிறுவனத்தின் ஆக்கம். 2006-இல் கார்மின் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இது கோயில் ஒலிபெருக்கி ஜாதி. யார் கேட்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் 2457 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு நான்கு முறை துடிப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செய்தியும் ஒரு மில்லிசெகண்டில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் ஐம்பது பேர் கூட்டமாக ஓட்டும்போதும் ஒருவர் செய்தி மற்றவர் செய்தியோடு மோதாமல் இடைவெளிகளில் புகுந்து போய்விடுகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண் உண்டு. நம் கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கேட்டால் மட்டும் காது கொடுக்கும். எத்தனை கருவி கேட்டாலும் பட்டைக்குக் கூடுதல் வேலை இல்லை.

நண்பரின் கம்ப்யூட்டரில் சென்சார் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அதே பட்டை இரண்டு முறை இருந்தது, இரண்டு வேறு சின்னங்களோடு. ப்ளூடூத் வரியை நீக்கிவிட்டு மற்றதைத் தொட்டோம். கோடுகள் மறைந்து 81 வந்தது. வாட்சிலும் 81.

குறுக்கே நிற்பது இன்னொரு கருவியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நம் உடம்பே நிற்கும். இந்த அலைகளின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். தண்ணீர் இவற்றை நன்றாக உறிஞ்சும், நாமோ பெரும்பாலும் தண்ணீர்தான். ஜெர்சியின் முதுகுப் பையில் போன் இருந்தால் மார்பிலிருந்து கிளம்பும் அலை உடம்பைச் சுற்றித்தான் போகவேண்டும். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். திறந்த சாலையில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. கூடத்தில் சோதித்தபோது சரியாக இருந்தது ஊருக்கு வெளியே மக்கர் செய்வது இதனால்தான்.

ஒலிபெருக்கிக்கும் ஒரு விலை இருக்கிறது: பக்கத்தில் ஓட்டுகிறவர் நினைத்தால் உங்கள் துடிப்பைத் தன் திரையில் பார்க்கலாம். இப்படித் திறந்து பேசுவதற்கு இடைஞ்சலாக, ரேடியோ கருவிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பாதுகாப்பு விதிகள் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே, ஜூன் 30-ஆம் தேதியோடு ஏஎன்டி பிளஸ் சான்றளிக்கும் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. இருக்கும் கருவிகள் ஓடும். புதியவை மெல்ல ப்ளூடூத் பக்கம் சாயும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கேற்ப இப்போது சில பட்டைகள் ஒரே நேரத்தில் இரண்டு ப்ளூடூத் இணைப்புகளுக்கு இடம் தருகின்றன. வாட்சுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. மூன்றாவதாக செல்போனும் வந்து நின்றால், பழைய கதைதான்.