ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனை

பள்ளியில் கொடிநாள் நிதி திரட்டுகிறார்கள். கணக்கேட்டில் 40 ரூபாய் என்றிருக்கிறது. ஆசிரியர் இருவர் ஒரே சமயத்தில் அதைப் பார்க்கின்றனர். ஒருவர் தாம் திரட்டிய 5 ரூபாயைக் கூட்டி 45 என்று எழுதுகிறார். மற்றவரோ தாம் முன்பு பார்த்த 40-உடன் 10-ஐக் கூட்டி, ஏட்டிலிருப்பதை அடித்துவிட்டு 50 என்று எழுதுகிறார். இருக்கவேண்டியது 55. கூட்டலில் எவரும் தவறவில்லை. ஆயினும் 5 ரூபாய் மறைந்துவிட்டது. தலைமையாசிரியனாக இருந்தபோது இத்தகைய கணக்கொன்றோடு ஒரு மாலை முழுதும் நான் மன்றாடியதுண்டு!

கணிப்பொறியில் இரு பணிகள் ஒரே தகவலைத் தொடும்போதும் இதுவே நிகழ்கிறது. எது முந்துகிறதோ அதற்கேற்ப விடை மாறுவதால், இதனை 'ரேஸ் கண்டிஷன்', அதாவது பந்தய நிலை என்பர். மென்பொருளைத் தாமாகவே சரிபார்க்கும் சோதனைகளில் இது புகுந்தால், காலையில் தேறிய சோதனை, நிரலில் ஓரெழுத்தும் மாறாமலே மாலையில் தவறும்.

'இரண்டு நொடி பொறுத்திரு' என்று நிரலில் எழுதிவிடுவோர் பலர். கடிகாரத்தைப் பார்த்தா சோறு வடிக்கிறோம்? பதம் பார்த்தல்லவா வடிக்கிறோம்! சோதனையும் வேலை முடிந்ததற்கான அடையாளத்தைக் கண்ட பின்னரே மேலே செல்லவேண்டும். தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதோ, தேறிய விடைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஏட்டைப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே வேண்டுமென்றே தாமதம் செய்யுங்கள். எப்போதோ தோன்றிய பிழை அடிக்கடி தோன்றும். பின்னர், ஒருவர் பார்த்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் ஏட்டைத் தொடாதவாறு பூட்டிடுங்கள். அதே தாமதத்தோடு மீண்டும் ஓட்டி, பிழை நீங்கியதா என்று பாருங்கள்.

பூட்டும் சில வேளை தொல்லை தரும். 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி, சில நாட்களில் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கலாயிற்று. சிறு பணியொன்று பூட்டைப் பிடித்திருக்க, இடைத்தரப் பணிகள் அதனைத் தடுக்க, அவசரப் பணி காத்துக் கிடந்தது. இக்கோளாறு முன்பே பூமியில் தலைகாட்டியது, தேடியபோது மறைந்துகொண்டது. இம்முறை பொறியாளர்கள், தம்மிடமிருந்த மாதிரிக் கலத்தை அது மீண்டும் தோன்றும்வரை ஓட்டிக் காரணத்தைக் கண்டனர். பூட்டை வைத்திருக்கும் சிறு பணிக்கு, காத்திருக்கும் அவசரப் பணியின் முன்னுரிமையே கிட்டுமாறு ஓர் அமைப்பை மாற்றி, அத்திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர்.