பழைய மினிவேனின் உணரிகள்: இருப்பிடமும் மாற்றும் முறையும்

1984 மாதிரியாண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த கிரைஸ்லர் மினிவேன்களான டாட்ஜ் கேரவனும் பிளிமத் வாயேஜரும் 1990 முதல் 3.3 லிட்டர் வி6 எஞ்சினுடனும் கிடைத்தன. இவற்றில் எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டிருப்பதால் அதன் பின்பாதி பயணியர் அறையின் முன்சுவரை ஒட்டி மறைந்துவிடுகிறது. வெப்பம், சுழற்சி முதலியவற்றை மின்குறியாக்கிக் கணினிக்கு அனுப்பும் உணரிகளை, அதாவது சென்சார்களைக் கண்டுபிடிப்பது இதனாலேயே கடினமாகிறது. ஆயினும் ஓர் உணரி எதை அளக்கிறதோ அதனருகிலேயே அமைந்திருக்கும் என்பதை உணர்ந்தால் தேடல் எளிதாகும்.

பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் நிலையைக் கூறும் உணரி, எஞ்சினும் கியர்பெட்டியும் இணையும் உறையின் மேற்புறத்தில் செருகப்பட்டுள்ளது. தண்டோடு சுழலும் தட்டின் துளைகள் அதன் முனையைக் கடக்குந்தோறும் காந்தப்புலம் மாற, அம்மாற்றமே மின்துடிப்பாகிறது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் உணரியோ எஞ்சினின் மறுமுனையில், டைமிங் சங்கிலியின் மூடியில் இருக்கிறது. இவற்றின் குறிகள் வராதபோது கணினி எரிபொருள் பம்பையும் தீப்பொறியையும் நிறுத்திவிடுவதால், ஸ்டார்ட்டர் சுழற்றினாலும் எஞ்சின் ஓடாது.

குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி தெர்மோஸ்டாட்டுக்கு அருகில் உள்ளது; சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எரிந்த வாயுவில் எஞ்சும் ஆக்சிஜனை அறியும் உணரி புகைபோக்கிக் குழாயில் திருகப்பட்டிருக்கும்; துருப்பிடித்து இறுகியிருப்பின் துருநீக்கும் எண்ணெய் இட்டு, ஒருபுறம் பிளந்த சாக்கெட்டால் கழற்ற வேண்டும்.

அமெரிக்காவில் 1996 மாதிரியாண்டு முதல் கட்டாயமான ஓபிடி 2 முறையில், டாஷ்போர்டின் கீழுள்ள 16 முனை இணைப்பில் கருவியைப் பொருத்திப் பிழைக்குறிகளைப் படிக்கலாம். ஆனால் பி0340 என்ற குறி கேம் உணரியின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது. பழுது உணரியிலா, அறுந்த வயரிலா, பச்சைபூத்த கனெக்டரிலா என்பதைச் சோதித்தே அறிய வேண்டும்.

மாற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். பல ஆண்டு மாதிரிகளில் கிராங்க், கேம் உணரிகளின் முனையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். உணரிக்கும் சுழலும் பகுதிக்கும் இடையே உரிய இடைவெளியை அமைக்கும் அதனைக் குப்பையென்று பிய்த்தெறியக் கூடாது. கழற்றிய பழைய உணரியையே மீண்டும் பொருத்துவதாயினும் புதிய காகிதம் ஒட்டுவது அவசியம். வயரையும் கனெக்டரையும் சோதிக்காமல் உணரியை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவே.