துப்பாக்கிச் சந்தையும் பரீட்சைக் களமும்

மைசூரிலிருந்து தெற்கே ஊட்டியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், கபிலை நதிக்கரையில் அமைந்திருக்கும் நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேஸ்வரர் சந்நிதியினால் தென்னாடெங்கும் பிரசித்தி பெற்ற க்ஷேத்திரம். பார்வை மங்கிப்போன தன் யானைக்காகத் திப்பு சுல்தான் இந்தச் சந்நிதியில் பிரார்த்தனை செய்ததாகவும், யானைக்குக் கண் தெரியத் தொடங்கியதும் மரகத லிங்கம் ஒன்றைக் காணிக்கையாக அளித்து, சுவாமியை வைத்தியராகவே பாவித்து 'ஹக்கீம் நஞ்சுண்டர்' என்று போற்றியதாகவும் இவ்வூர் மக்கள் பக்தியோடு சொல்வார்கள். யுத்த யானைக்கு வலிமை எத்தனை இருந்தாலும் கண் இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை என்பதை அறிந்திருந்த அந்த அரசர்தாம், ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பிற இடங்களிலும் ஆயுதச் சாலைகளை நிறுவிப் புலி முகம் பொறித்த துப்பாக்கிகளைச் செய்வித்தார். அவருடைய சேனையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகள் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்பு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உல்விச் ஆயுதச் சாலையில் ஆராயப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் காங்கிரீவ் என்பவருடைய ராக்கெட்டுகளாக மறுபிறவி எடுத்தன. சிறைப்பிடித்த ஆயுதத்தைப் புகழ்ந்து மூலையில் வைத்துவிடாமல், கொளுத்திப் பார்த்து, அளந்து பார்த்து, ஏன் நம்முடையது இவ்வளவு தூரம் போகவில்லை என்று கேட்டுப் பார்த்த அந்த நிதானத்தைத்தான் ஆயுத பரீட்சை என்று நான் கருதுகிறேன்.

இந்நாளில் புதிய துப்பாக்கிகளும் அவற்றின்மேல் பொருத்தும் குறிநோக்குக் கண்ணாடிகளும் உலகத்தின் முன் அறிமுகமாவது பெரும்பாலும் வியாபாரக் கண்காட்சிகளில். நம் பக்கத்தில் நடந்தவற்றுள் பெரியது, 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் திருவிடந்தையில் நடைபெற்ற 'டெஃப்எக்ஸ்போ' என்னும் ராணுவத் தளவாடக் கண்காட்சி. பெங்களூரு எலஹங்காவில் 1996 முதல் நடந்துவரும் 'ஏரோ இந்தியா'வோ முக்கியமாக விமானங்களுக்கானது. அமெரிக்காவில் 1979-இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கி, இப்போது ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் லாஸ் வேகாஸ் நகரில் கூடும் 'ஷாட் ஷோ' இவ்வகையில் உலகப் பிரசித்தமானது. 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கும் அந்தச் சந்தைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை; ஆயுத வியாபாரத்தில் இருப்பவர்களும், போலீஸ், ராணுவத் துறையினரும், பத்திரிகைக்காரர்களுமே போகலாம்.

கண்காட்சி மண்டபத்தில் ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு என்னென்ன தெரியவரும்? எடை தெரியும், கட்டை தோளில் சரியாகப் பொருந்துகிறதா என்பது தெரியும், விசையை அழுத்தும்போது அது வழுவழுவென்று வருகிறதா, இடையில் தடுக்கிறதா என்பதும் ஓரளவு தெரியும். சுடுவதற்கு அங்கே வழியில்லை. தோட்டாவை அடிக்கும் ஊசியை முன்கூட்டியே கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலான கண்காட்சிகளில் துப்பாக்கியை மேஜைமேல் வைக்க அனுமதிக்கிறார்கள். ஆகவே மண்டபத்தில் கிடைப்பது விற்பவர் சொல்லும் செய்தியும், நம் கைக்கு ஏற்படும் முதல் அபிப்பிராயமும் மட்டுமே.

கண்ணாடி விஷயம் வேறு. அதை அங்கேயே கண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்பதனாலேயே மயங்கிவிடுவதற்கும் இடமுண்டு. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கன்னத்தைக் கட்டையில் பதித்துப் பாருங்கள். கண் சரியான இடத்துக்கு வரும் வரையில் வட்டத்தின் ஓரத்தில் பிறைபோல ஒரு கருநிழல் ஆடிக்கொண்டிருக்கும். தலையை முன்னும் பின்னுமாக நகர்த்தி, கண்ணாடிக்கும் கண்ணுக்கும் எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி அமைந்ததும், நிழல் சட்டென்று விலகி, வட்டம் முழுவதும் வெளிச்சமாகி, நடுவில் மெல்லிய சிலுவைக் கோடுகள் மண்டபத்தின் எதிர்ச்சுவரில் எழுதியிருக்கும் எழுத்தின்மேல் நிற்கும். இப்போது துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் இம்மியளவு பக்கவாட்டில் அசைத்தால், சில கருவிகளில் அந்தச் சிலுவையும் எழுத்தின்மேல் நகர்வதைக் காணலாம். இலக்கின் பிம்பமும் கோடுகளும் ஒரே தளத்தில் விழாததால் ஏற்படும் தோஷம் இது. வானியல் அறிஞர்கள் இடமாறு தோற்றம் என்று சொல்வதன் சிறு வடிவம். விலை உயர்ந்த கருவிகளில் இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும். கடைக்காரர் தாமாக இதைச் சொல்லமாட்டார். பார்க்கத் தெரிந்தவர்தான் பார்க்கவேண்டும்.

பழைய துப்பாக்கிகளில் கண்ணுக்கு அருகே ஒரு பிளவும், குழலின் நுனியில் ஒரு முள்ளும் இருக்கும். பிளவு, முள், இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு தூரங்களில் இருப்பதாலும், மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணக்கூடியதாலும், இந்தக் காரியம் பழகியவர்களுக்கும் எளிதன்று. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் சிரமம். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடி, கண்ணாடியில் பட்டுப் பிரதிபலிக்கும் ஒளிக்குறி வெகுதூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும்படி ஒரு குறிநோக்கியை 1900-இல் வகுத்தவர் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி நிபுணர் ஹோவர்ட் கிரப். அவருடைய பட்டறையில் உருவான 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று பூனாவிலிருந்து நம் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. நட்சத்திரம் பார்க்கும் கண்ணாடியையும் துப்பாக்கிக் கண்ணாடியையும் ஒரே கைகள் செய்திருக்கின்றன. கிரப்பின் தத்துவத்தைச் சிறு மின்விளக்கோடு சேர்த்து, 1975-இல் சுவீடன் தேசத்து 'எய்ம்பாயின்ட்' நிறுவனம் செய்ததுதான் இன்று எல்லாருடைய வாயிலும் அடிபடும் 'ரெட் டாட்'. இரண்டு கண்களையும் திறந்தபடியே இலக்கைப் பார்க்கலாம். செம்புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். 1947-இல் உருவான கலாஷ்னிகோவின் வம்சத்தைச் சேர்ந்த துப்பாக்கியை உத்தரப்பிரதேசத்து அமேதியில் இன்றும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம். குழலும் இயந்திரமும் அவ்வளவாக மாறவில்லை. சென்ற ஐம்பது ஆண்டுகளில் பெரிதாக மாறியது துப்பாக்கியின் கண்தான்.

ஷாட் ஷோவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மண்டபம் திறப்பதற்கு முந்தின நாள், லாஸ் வேகாஸுக்கு அருகே போல்டர் சிட்டியின் பாலைவனத்துச் சுடுகளத்தில், அழைக்கப்பட்டவர்கள் புதிய துப்பாக்கிகளை மெய்யாகவே சுட்டுப் பார்க்கிறார்கள். காதுக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, களக் காவலர்கள் சொல்லும்போது மட்டும் தோட்டா ஏற்றி, இரும்புத் தகட்டு இலக்குகளை நோக்கிச் சுடுவார்கள். குண்டு பட்டால் 'டங்' என்ற ஓசை திரும்பி வரும். மண்டபத்தில் தெரியாத பின்னுதைப்பும், குழலின் சூடும், சுட்டபின் சிலுவைக்கோடு எவ்வளவு விரைவில் இலக்குக்குத் திரும்புகிறது என்பதும் இங்கே தெரியவரும். ஆயினும் இதுவும் பூரணமான பரீட்சை ஆகாது. அந்தத் துப்பாக்கி நிறுவனத்தாரே எண்ணெயிட்டுத் துடைத்துக் கொண்டுவந்தது. கண்ணாடியை அதற்குப் பொருத்தி, அவர்களே முந்தியே 'ஜீரோ' செய்து வைத்தது.

'ஜீரோ செய்தல்' என்பதைச் சற்று விளக்கவேண்டும். 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவின் குண்டு விநாடிக்குச் சுமார் 830 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பினாலும், பூமியின் ஆகர்ஷணம் அதே கணத்தில் அதைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. 100 மீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ 8 சென்டிமீட்டரும், 300 மீட்டர் செல்வதற்குள் முக்கால் மீட்டருக்கு மேலும் இறங்கிவிடும். கண்ணாடியோ ஒளியின் நேர்கோட்டில் பார்ப்பது. வளைந்து போகும் குண்டின் பாதையும் நேராகப் போகும் பார்வையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி கண்ணாடியின் திருகுகளைத் திருப்பி அமைப்பதே ஜீரோ. பல தொலைநோக்கிகளில் திருகு ஒரு 'கிளிக்' நகர்ந்தால், 100 மீட்டரில் குண்டு சுமார் 7 மில்லிமீட்டர் மாறி விழும். அந்தத் திருகு 40 கிளிக் மேலே போய், 40 கிளிக் கீழே வந்து, பழைய இடத்திலேயே நிற்கிறதா, நூறு முறை உதைபட்ட பிறகும் அசையாமல் இருக்கிறதா என்பதுதான் கண்ணாடியின் உண்மையான பரீட்சை. இதை ஐந்து தோட்டா சுட்டு அறிந்துவிட முடியாது.

வெப்பத்தைக் காணும் கருவிகளில் இன்னும் ஜாக்கிரதை தேவை. இருட்டில் பார்க்க உதவுபவை இருவகை: நட்சத்திரங்களின் சிறு ஒளியையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டுபவை ஒன்று, ஒளியே இல்லாமல், உடம்புகள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு சித்திரம் வரைபவை மற்றொன்று. பின்னதைக் குளிரூட்டிய மண்டபத்தில் கையில் எடுத்தால், எதிரே நடப்பவர்கள் வெண்சுடர்களாகத் தெரிவார்கள், பார்ப்பவர் பிரமித்துப்போவார். சித்திரை மாதத்து நடுப்பகலில், பாறையும் மண்ணும் மனித உடம்பின் சூட்டுக்கு ஏறிநிற்கும் வேளையில், அதே கருவியில் மனிதனையும் பாறையையும் பிரித்தறிவது கடினம். அடர்ந்த மழையும் மூடுபனியும் அதன் பார்வையைக் குறைத்துவிடும். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் அதற்கு எதுவுமே தெரியாது. எந்தச் சூழலில் காட்டுகிறார்கள் என்று கேட்காமல், என்ன தெரிகிறது என்று மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

நம் ராணுவம் இதைத் துன்பப்பட்டுக் கற்றது. 1999 கார்கில் யுத்தத்தின்போது, இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள் கடுங்குளிரில் விரிசல் கண்டன என்றும் துப்பாக்கி இடையிடையே நின்றுபோயிற்று என்றும் புகார்கள் எழுந்தன. இன்று எந்தப் புதிய துப்பாக்கியானாலும் ராஜஸ்தான் மணலின் வெயிலிலும், இமயத்தின் உயரத்திலும், சேற்றிலும் நீரிலும் முக்கி எடுத்தும் மாதக்கணக்கில் சோதித்தே ஏற்கிறார்கள். அந்தச் சோதனைகள் தாமதமாகின்றன என்று குறைகூறுவோர் பலர். தாமதத்தை நானும் விரும்பவில்லை, ஆனால் சோதனையைச் சுருக்கச் சொல்வதை ஏற்கமாட்டேன். 1966-இல் ஏற்பட்ட திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசு நிறுவனத்தின் கீழும், டேராடூனின் கண்ணாடித் தொழிற்சாலை 'இந்தியா ஆப்டெல்' நிறுவனத்தின் கீழும் வந்திருக்கின்றன. பெங்களூரில் தனியார் துறையிலும் குறிசுடு துப்பாக்கிகள் செய்கிறார்கள். உள்நாட்டுப் பொருள் என்ற அபிமானம் நியாயமானது. அந்த அபிமானமே அவற்றைக் கடுமையாகப் பரீட்சிப்பதற்கும் காரணமாகட்டும்.

பரீட்சை என்பதற்கு மைசூர் வட்டாரத்தில் வேறு பழைய வழிகளும் உண்டு. தசரா ஊர்வலத்தன்று 21 வேட்டு முழங்கும் பீரங்கிகளை, விழாவுக்கு முன்னரே வெடிமருந்திட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். அப்போது அம்பாரி யானையையும் மற்ற யானைகளையும் குதிரைகளையும் அருகில் கொண்டுவந்து நிறுத்தி ஓசைக்குப் பழக்குகிறார்கள். ஆயுதத்தோடு கூட, அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஜீவன்களையும் தயார்செய்யும் அந்த விவேகம் என் மனத்தைக் கவர்ந்தது. மேற்கே குடகில், நாற்று நடவு முடிந்த செப்டம்பர் மாதத்தில் கைல்போத் பண்டிகையன்று துப்பாக்கிகளைக் கழுவி, பூச்சூட்டி வணங்கி, பின்பு உயரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவார்கள். ஆங்கிலேயர் காலம் முதல் குடவர்களுக்கு உள்ள ஆயுத லைசென்ஸ் விலக்கை மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. மற்றவர்களுக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

இவ்வளவையும் நஞ்சன்கூட்டிலிருந்து யோசிப்பதற்கு அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. பந்திப்பூர்க் காடுகள் இந்த வட்டத்தின் விளிம்பைத் தொடுகின்றன. 2023 நவம்பரில் இங்கே வனவோரக் கிராமம் ஒன்றில் மாடு மேய்க்கச் சென்ற ஒரு பெண்ணைப் புலி கொன்றது. வனத்துறையார் நாட்கணக்கில் தேடி, மயக்க ஊசி செலுத்தி அந்தப் புலியைப் பிடித்தார்கள். மயக்க ஊசித் துப்பாக்கிக்கு அதிக தூரம் எட்டாது. ஊசி தசையில் சரியாகப் பாய வேண்டும். புதருக்குள் பதுங்கியிருக்கும் புலியை அந்திமங்கலில் முதலில் கண்டுகொள்ள வேண்டும். மனித உயிரும் புலியின் உயிரும் ஒரு கண்ணாடியின் தெளிவை நம்பியிருக்கும் நேரம் அது.

ஆகவே வனத்துறைக்கும் காவல்துறைக்கும் பொதுப்பணத்தில் இத்தகைய கருவிகளைத் தெரிவு செய்யும் அதிகாரிகளிடம் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான்: கண்காட்சிக்குப் போங்கள், எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள், ஆனால் அங்கே கொள்முதலை முடிவு செய்யாதீர்கள். நல்லது என்று தோன்றும் கருவிகளில் இரண்டிரண்டை இரவலாக வாங்கி வந்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கபிலைக் கரைக் காடுகளில் காவலர்களின் கையிலேயே கொடுத்து வையுங்கள். அதன்பின், எதை வாங்கலாம் என்று அந்தக் காவலர்களையே முதலில் கேளுங்கள்.