டாட்டூயினில் ஒரு தையற்கடை

புகழ்பெற்ற படவரிசை ஒன்றை ஆன்லைன் விளையாட்டாக்க முனைபவர்களுக்கு முதலிலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. படத்தில் நாயகன் ஒருவன். ஆட வருபவர்களோ லட்சக்கணக்கில். அத்தனை பேரும் 'ஸ்டார் வார்ஸ்' படநாயகன் லூக் ஸ்கைவாக்கர் ஆக முடியாது. 2003 ஜூனில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' இதற்குத் துணிச்சலாக ஒரு வழி கண்டது. நாயகன் வேடத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த உலகத்தில் குடியிருக்க இடம் கொடுத்தது.

லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட, சோனி ஆன்லைன் நிறுவனத்தின் ஆஸ்டின் நகரக் குழு இதை உருவாக்கியது. தலைமை வகித்த ராஃப் காஸ்டர், அதற்கு முன் 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். 1977-இல் வந்த முதல் படத்துக்கும் 1980-இல் வந்த அடுத்த படத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் கதைக்களம். தொடக்கத்தில் டாட்டூயின், நபூ, கொரேலியா, எண்டோர் என 10 கோள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 16 கிலோமீட்டர் கொண்ட சதுர நிலம்.

இவ்வளவு பெரிய நிலத்தை அன்றைய வீட்டுக் கணினியில் அடக்கிய விதம் அழகானது. மேடு பள்ளங்களைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்கவில்லை. 'இந்தப் பகுதியில் குன்று, இந்த உயரத்துக்கு மேல் பாறை, இங்கே மணல்' என்று அடுக்கடுக்காகக் கணித விதிகளை மட்டும் எழுதி வைத்தார்கள். ஆட்டக்காரர் நடக்க நடக்க, அவருடைய கணினி அந்த விதிகளைக் கொண்டு எதிரே நிலத்தைக் கணக்கிட்டு எழுப்பும். ஒருவர் வீடு கட்டினால் 'இவ்விடம் சமதளம்' என்று இன்னொரு விதி சேர்ந்துகொள்ளும். அதனால் ஆட்டக்காரர்கள் வெற்று நிலத்தில் வீடு கட்டினார்கள். ஊர்களையே உண்டாக்கி, மேயரையும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் இந்த விளையாட்டின் உயிர்நாடி பொருளாதாரம்தான். பல விளையாட்டுகளில் இரும்பு என்றால் எங்கும் எப்போதும் ஒரே இரும்பு. இங்கே சர்வர் அவ்வப்போது புதுப்புதுக் கனிமங்களைத் தானே பிறப்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. மின்கடத்தல், வெப்பம் தாங்குதல், நெகிழ்வு போன்ற குணங்களுக்கு 1 முதல் 1000 வரை மதிப்பும் உண்டு. சில நாட்களோ சில வாரங்களோ நிலத்தடியில் கிடைத்துவிட்டு அந்தக் கனிமம் மறைந்துவிடும். அதே கனிமம் மறுபடி வராது. அளவைக் கருவியோடு அலைந்து அடர்த்தி மிகுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அகழ்வு இயந்திரத்தை நிறுத்திவிட்டால், நீங்கள் தூங்கும்போதும் அது தோண்டிக்கொண்டிருக்கும். ஆயுதம் செய்பவர் கைவசம் உள்ள கனிமத்தின் குணத்துக்கேற்பப் பரிசோதித்துப் பார்த்து ஒரு துப்பாக்கியை உருவாக்குவார். செய்தவர் பெயர் அந்தப் பொருளிலேயே பதிந்திருக்கும். பொருள்கள் தேய்ந்து பழுதாவதால் அவர் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நல்ல கனிமத்தைப் பதுக்கி வைத்தவருடைய கைவேலைக்குத் தனி மதிப்பு. பிற்கால விளையாட்டுகளில் இவ்வளவு நுணுக்கமான கைத்தொழில் முறையை நான் பார்த்ததில்லை.

30-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தும், ஒருவருக்குக் கிடைப்பது 250 திறன்புள்ளிகள்தான். எல்லாவற்றையும் ஒருவரே கற்றுவிட முடியாது. சண்டையிட்டவருக்குக் களைப்பு ஏறும். அது ஏற ஏற மருந்தும் சரியாக வேலை செய்யாது. கன்டீனா எனும் மதுக்கூடத்துக்குப் போய், அங்கே ஆடும் இன்னொரு ஆட்டக்காரரின் நடனத்தைப் பார்த்தால் களைப்பு இறங்கும். ஊர்விட்டு ஊர் போகும் விண்கலம் வரும்வரை நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் முன்பின் அறியாதவர்கள் பேசத் தொடங்குவார்கள். ஒருவரை மற்றவரிடம் போக வைப்பதற்கென்றே திட்டமிட்ட ஏற்பாடுகள் இவை. துப்பாக்கியையே தொடாமல், துணி தைத்து விற்றே ஒருவர் அந்த உலகில் பேர் வாங்கலாம்.

படங்களில் வரும் அபூர்வ ஆற்றல் கொண்ட வீரரான ஜெடாய் ஆகும் வழி மட்டும் ரகசியமாக இருந்தது. எந்தெந்தத் தொழில்களில் தேர்ந்தால் அந்தக் கதவு திறக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பிறகு அதற்குக் குறிப்புத் தரும் ஹோலோகிரான் எனும் பொருள்கள் புழக்கத்துக்கு வந்தன. பலர் தாங்கள் விரும்பிச் செய்த தொழிலைக் கைவிட்டு, விருப்பமில்லாத தொழில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றுத் தள்ளினார்கள். பொறுமையாகக் கட்டிய ஒரு சமூகத்துக்கு இது பெரிய கேடு என்றே நினைக்கிறேன்.

2005 நவம்பரில் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. அத்தனை தொழில்களையும் 9 ஆகச் சுருக்கினார்கள். ஜெடாய் முதல் நாளே தேர்ந்தெடுக்கக்கூடிய தொழிலாகிவிட்டது. விலங்கு பழக்குபவர்களின் தொழிலே இல்லாமல் போனது. எல்லோரையும் நாயகர்களாக்கினால் கூட்டம் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். மாறாக, நெடுநாள் ஆட்டக்காரர்கள் திரள் திரளாக வெளியேறினார்கள். 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்கள் நின்றன. அடுத்த சில நாட்களில், ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தனிக்கதையின் நாயகனாக்கும் 'தி ஓல்ட் ரிபப்ளிக்' என்ற புதிய ஸ்டார் வார்ஸ் ஆன்லைன் விளையாட்டு தொடங்கியது.

ஆனாலும் பழைய விளையாட்டு அழிந்துவிடவில்லை. எஸ்டபிள்யூஜி ஈமு என்ற ஆர்வலர் குழு, 2005-இன் மாற்றங்களுக்கு முந்தைய வடிவத்தை மீட்பதற்காக, சர்வர் மென்பொருளை முதலிலிருந்து தானே எழுதியது. அதன் மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதில் புதிதாக நுழைபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கைவினைஞர் தொழிலை. முதலில் கனிமம் தேடக் கற்றுக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன தேவைப்படுகிறது என்பது அந்த அலைச்சலிலேயே தெரியவரும்.